எட்டுக் கிலோவும் எட்டுக் கிலோவும்

நம்ம வயசுக்காரர்கள் சிலர் பேரிகையிலிருந்து ஓசூருக்கு பஸ் ஏறிப் போய் கெட்டில்பெல் வாங்கி வருகிறார்கள். நல்ல விஷயம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லிவிட்டது. வெறும் நடை போதாது. ஆனால் வாங்கி வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் அடைத்த குண்டு. விலை குறைவு, பார்க்கவும் கலர் கலராக இருக்கிறது. என் கட்சி வேறு: நமக்கு வார்ப்பிரும்புதான் சரி.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதே அளவு இடத்தை அடைக்கும் கான்கிரீட் சுமார் 2.4 கிலோ, நம்ம கிருஷ்ணகிரி கருங்கல் 2.7 கிலோ, வார்ப்பிரும்பு 7.2 கிலோ. திருப்பிக் கணக்குப் போடுங்கள். 8 கிலோ இரும்புக்கு 1.1 லிட்டர் இடம் போதும். கைப்பிடியை விட்டுவிட்டால் 13 சென்டிமீட்டர் உருண்டை. அதே 8 கிலோ கான்கிரீட் என்றால் பதினெட்டரை சென்டிமீட்டர். குனிந்து தூக்கும்போது பெரிய உருண்டை முழங்காலில் இடிக்கிறது. இடிக்காமலிருக்க அதை முன்னால் தள்ளிப் பிடிக்கிறோம். உடம்பை விட்டுத் தள்ளத் தள்ள இடுப்புக்குப் பாரம் கூடும். தோளுக்கு ஏற்றினாலோ மணிக்கட்டைப் பின்னுக்கு வளைக்கும்.

கடையில் இரண்டையும் தூக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறோம் என்பீர்கள். அங்கேதான் ஏமாற்றம். ஒரே எடையுள்ள இரண்டில் சிறியதுதான் கைக்குக் கனமாகத் தோன்றும். ஷார்பான்டியே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1891-லேயே இதை எழுதி வைத்தார். தராசில் நிறுத்துக் காட்டினாலும் அந்த எண்ணம் போகாது. அதனால் ‘இரும்பு ரொம்ப கனம் சார், இது லேசா இருக்கு’ என்று சிமென்ட் குண்டைச் சுமந்து வருகிறோம்.

கெட்டில்பெல்லே ரஷ்யாவில் தானியம் நிறுத்த எடைக்கல்லிலிருந்து வந்ததுதான். அங்கே ஒரு ‘பூட்’ என்பது 16.38 கிலோ. மதுரை, நெல்லைப் பக்கத்து இளவட்டக்கல் வேறு ஜாதி. பிடியே கிடையாது, வழவழவென்று இருக்கும். பெயரிலேயே யாருக்கானது என்று இருக்கிறது. நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வார்ப்படத்தோடு காலம் தள்ளியவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கைப்பிடியின் அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் பிசிறு இருக்கும். சரியாகத் தேய்க்காமல் பெயின்ட் அடித்திருந்தால் உள்ளங்கையைக் கிழித்துவிடும். வயதான தோல் சீக்கிரம் ஆறாது. உள்ளே காற்றுப் புழை இருந்தால் எடையும் குறையும். மளிகைக் கடைத் தராசில் ஒரு தடவை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிமென்ட் குண்டுக்கு ஒரு நன்மை உண்டு, டைல்ஸ் தரை சீக்கிரம் உடையாது. இரும்பு வாங்கினாலும் கோணிப்பையை நாலாக மடித்துப் போட்டால் தீர்ந்தது.

எத்தனை கிலோ? எழுபதைத் தொட்டவர்கள் 4 கிலோவில் ஆரம்பிக்கலாம். இரத்த அழுத்தமோ குடலிறக்கமோ இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். வாங்குமுன் வீட்டிலேயே சோதிக்க, பிடி வைத்த 5 லிட்டர் எண்ணெய் கேன் இருக்கிறது. எண்ணெய் தண்ணீரை விட லேசு. நிறைந்த கேன் சுமார் 4.6 கிலோதான் வரும். இரண்டு வாரம் அதைத் தரையிலிருந்து எடுத்து, நிமிர்ந்து, மறுபடி வையுங்கள். வீசி ஆட்ட வேண்டாம். இடுப்பு ஒன்றும் சொல்லாவிட்டால் அப்புறம் ஓசூர் பஸ் ஏறலாம்.