ஆடம்பரம் எது, முறை எது?

தேவையில்லாததைச் சொல்ல எங்களிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆடம்பரம், அநாவசியம், சொகுசு, டாம்பீகம், வீண்செலவு, வெட்டிச்செலவு. பேச்சுக்கு வந்தால் எடுப்பு, பவுசு, 'உது இப்ப என்னத்துக்கு?' இவ்வளவு இருந்தும், எந்தச் செலவுக்கு எந்தச் சொல்லை ஒட்டுறம் எண்டு பார்த்தால் கணக்கு எங்கேயோ உதைக்குது.

எங்கட பஸ்களில் 'அரைச் சொகுசு' எண்டு ஒரு வகை ஓடுது. சாதாரண பஸ்ஸைப் போல ஒன்றரை மடங்கு காசு. அந்த அரைவாசிச் சொகுசு எங்க இருக்கு எண்டு ஏறினவருக்கே விளங்காது. யன்னலில் ஒரு திரைச்சீலை தொங்கினால் அதிர்ஷ்டம்.

இது சிரிச்சிட்டுப் போகக்கூடியது. அரசாங்கம் பட்டியல் போடத் தொடங்கினால் சிரிப்பு வராது. 2022 ஓகஸ்ட் 23ஆம் திகதி 305 வகைப் பொருட்களின் இறக்குமதியை நிறுத்தினார்கள். சொக்லேற், வாசனைத் திரவியம், ஷாம்பு எல்லாம் அதுக்குள்ள இருந்தது. கையில் டொலர் இல்லை, ஏதாவதொன்றை நிறுத்தத்தான் வேணும், அது எங்களுக்கும் விளங்குது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். ஆனால் 'அத்தியாவசியமற்றவை' என்ற சொல் அந்த நாட்களில் எல்லார் வாயிலும் ஏறி, வீட்டுக்குள்ளும் வந்து குந்திவிட்டது. வீட்டுக்குள் வந்த பிறகு அது முதலில் யாருடைய சாமானைத் தேடிப்போகும் எண்டு சொல்லத் தேவையில்லை.

வடக்கில் எங்கட அம்மா அப்பாவின் தலைமுறைக்கு இந்தச் சொல் புதிதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் பற்றறி, சீமெந்து, பெற்றோல் எல்லாம் எட்டாத பொருட்களாக இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டவை அவை. ஜாம் போத்தல் விளக்கில் படிச்சவை. அதனால் 'வீணாக்காத' எண்டு அவை சொல்லும்போது நாங்கள் எதிர்த்துக் கதைக்கிறதில்லை. ஒரு துளி மண்ணெண்ணெயை அளந்து வாழ்ந்த ஆக்களுக்கு அதைச் சொல்ல உரிமை இருக்கு. ஆனால் எது அத்தியாவசியம் எண்டதை வேறு யாரோ எங்கோ இருந்து தீர்மானித்தால் எப்படி இருக்கும் எண்டதையும் அவைதான் நல்லா அறிவினம்.

இப்ப நாப்கின் விஷயத்துக்கு வருவம். 2018இல் இறக்குமதியாகும் நாப்கின்கள் மீதான வரிகளைக் கூட்டிப் பார்த்தால் 101.2 வீதம். பொருளின் விலையை விட வரி கூட! அந்த வருஷம் செப்டெம்பரில் செஸ் வரியை நீக்கின பிறகும் 62.6 வீதம் மிஞ்சியது. 'இது ஆடம்பரம்' எண்டு யாரும் பலகை எழுதி மாட்டத் தேவைப்படவில்லை. வரியே அதைச் சொல்லிவிட்டது. 2024இல் பாடசாலை மாணவிகள் எட்டு இலட்சம் பேருக்கு 1200 ரூபா வவுச்சர் கொடுக்கும் திட்டம் வந்தது. வரவேற்கிறம். பாடசாலைக்குப் போகாதவளுக்கும், தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவளுக்கும், ஆடைத் தொழிற்சாலையில் நிக்கிறவளுக்கும் மாதம் ஒருக்கா வருவது அதேதானே?

அரசாங்கத்தைத் திட்டுவது சுகம். எங்கட வீடுகளைப் பற்றிக் கதைக்கிறதுதான் கஷ்டம். பிள்ளை பெரிய பிள்ளையானால் சாமத்திய வீடு. மண்டபம், மேடை அலங்காரம், வீடியோ, அல்பம், ஊருக்கே சாப்பாடு. கடன்பட்டுச் செய்கிற வீடுகளும் உண்டு. இதுக்கு ஆடம்பரம் எண்டு பெயர் இல்லை, 'முறை' எண்டு பெயர். 'செய்ய வேண்டியதைச் செய்யத்தானே வேணும்' எண்டு சொன்னால் கேள்வி முடிந்தது. அதே பிள்ளை அடுத்த மாதம் நல்ல நாப்கின் ஒரு பக்கற் கேட்டால், 'உந்த விலையில என்னத்துக்கு, நாங்கள் சீலைத் துணியோட இருக்கேல்லையே?' எந்தக் காரணத்துக்காக ஊரைக் கூப்பிட்டு விழா எடுத்தோமோ, அந்தக் காரணத்துக்கு மாதாமாதம் ஆகிற செலவு அநாவசியமாகிவிடுது. துணி பாவிக்கிறது பிழை எண்டு நாங்கள் சொல்லவில்லை. கழுவித் துவைத்து வெயிலில் காயப்போட முடிந்தால் அதுவும் நல்ல வழிதான். ஆனால் எங்கட எத்தனை வீட்டுக் கொடியில் அதை எல்லாருக்கும் தெரியக் காயப்போட விடுவினம்?

(கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கும் இந்தச் சொல்லடி புதிதில்லை. 'உதைப் படிச்சு என்ன செய்யப்போறாய்?' எண்டு கேட்கிறவர்களின் சாமத்திய வீட்டு அழைப்பிதழுக்குக் கவிதை எழுதிக் குடுக்க மட்டும் எங்களைத் தேடுவினம்.)

ஆடம்பரம் சமஸ்கிருதத்தில் இருந்து வந்த சொல். அங்கே அதுக்கு ஒருவகை முரசு, பெரிய ஓசை என்ற பொருளும் உண்டு. சத்தம் போட்டுக் காட்டுவதுதான் ஆடம்பரம் எண்டால், மேளம் அடிச்சுச் செய்கிற விழாவுக்கு அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்து, பேப்பரில் சுத்தி, கறுப்புப் பைக்குள் போட்டு, சத்தமில்லாமல் நீட்டுகிற பக்கற்றுக்கு எப்படிப் பொருந்தும்?

அடுத்த மாதச் சாமான் துண்டு எழுதேக்க அரிசி, பருப்பு, சீனிக்குக் கீழே அதையும் எழுதுங்கோ. கடைக்குப் போறது அண்ணாவோ தம்பியோ எண்டால், துண்டை அவையிட்டயே குடுங்கோ.