அவரு உள்ள இருக்காராப்பா?

பர்கரில் ஒளித்துவைக்க எதுவும் கிடையாது. கொழுப்போடு அரைத்த மாட்டிறைச்சி, உப்பு, நன்றாகக் காய்ந்த இரும்புக்கல், இரண்டாகப் பிளந்த ஒரு பன். அவ்வளவுதான் சாமான். இறைச்சியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருந்து, கல்லும் சரியான சூட்டில் இருந்தால், மிச்சமெல்லாம் கல்லுக்கு முன்னால் நிற்கிறவரின் கை. எப்போ அழுத்தணும், எப்போ திருப்பணும், எப்போ சும்மா விடணும் என்று அந்தக் கைக்குத் தெரியும். அடியில் பழுப்பாக மொறுமொறுப்பு ஏறுவது அதனால்தான். தொலைக்காட்சியில் புகழ்பெற்ற சமையற்கலைஞர்களின் பர்கர் கடைகள் மேல் எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். அங்கே அந்தக் கையை மறைத்துவிட்டு ஒரு பெயரை விற்கிறார்கள்.

லாஸ் வேகாஸில் சூதாட்ட விடுதி ஒன்றுக்குள் அப்படி ஒரு கடைக்குக் குடும்பத்தோடு போனேன். யார் கடை என்பது இங்கே முக்கியமில்லை. அந்த ஊரில் இப்படிப் பல பெயர்கள் தொங்குகின்றன. சுவரெல்லாம் அவர் முகம். தலைக்கு மேலே திரையில் அவரே ஒரு பர்கரை அடுக்கிக்கொண்டிருந்தார், சத்தம் இல்லாமல், திரும்பத் திரும்ப. பத்து வயசுப் பையன் அவருடைய நிகழ்ச்சிகளை ஒன்றுவிடாமல் பார்த்தவன். அன்றைக்குச் சொல்லாமலே தலை வாரிக்கொண்டு வந்திருந்தான். உட்கார்ந்ததும் கேட்டான்: “அவரு உள்ள இருக்காராப்பா?”

பரிமாறும் பெண் முந்திக்கொண்டு, “மனசளவில் எப்போதும் இங்கேதான் இருக்கார்” என்று சிரித்தாள். தினம் பத்துப் பேருக்குச் சொல்லிப் பழகிய பதில். பையன் சிரிக்கவில்லை. “அப்ப யாரு செய்றாங்க?” என்றான். அதற்குள் அவள் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். தட்டு வந்துவிழும் ஜன்னல் வழியே எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கைகள்.

சும்மா சொல்லக்கூடாது, பர்கர் பிரமாதம். ஓரம் மொறுமொறு, நடுவில் ஈரம், பன் ஊறிப்போகவில்லை. என் வாதமே அதுதான். சாப்பாடு மோசமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. யாரோ ஒருத்தர் அந்த இரைச்சலில், அந்த வெக்கையில், எங்கள் நாலு பேருக்கும் தனித்தனியாகப் பதம் பார்த்துச் சரியாகச் செய்திருக்கிறார். அந்தப் பாராட்டு மொத்தமும் சுவரில் இருப்பவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

பர்கரின் சரித்திரம் இதற்கு நேர் எதிராகத் தொடங்கியது. 1906-இல் அப்டன் சின்க்ளேரின் ‘தி ஜங்கிள்’ நாவல் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அசுத்தத்தைச் சொன்ன பிறகு, அரைத்த இறைச்சி என்றாலே அமெரிக்கர்களுக்குச் சந்தேகம். 1921-இல் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் ‘ஒயிட் காசில்’ தொடங்கியவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? வெள்ளைவெளேர் சுவர், பளபளக்கும் எஃகு, சாப்பிட வந்தவன் கண்ணெதிரே அடுப்பு. பர்கர் 5 சென்ட். ‘சமைக்கிறவனைப் பார், நம்பிச் சாப்பிடு’ என்பதுதான் அந்தக் கடையின் விளம்பரமே. நூறு வருஷத்தில் நாம் அடுப்பிலிருந்து பார்வையைத் திருப்பித் திரையைப் பார்க்கப் பழகிவிட்டோம்.

பெரிய சமையற்கலைஞர்கள் பர்கரைத் தொட்டதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. 2001-இல் நியூயார்க்கில் டேனியல் பூலூ 27 டாலருக்கு ஒரு பர்கர் போட்டார். இறைச்சிக்குள்ளே மெதுவாக வேகவைத்த விலா இறைச்சி, வாத்து ஈரல், கறுப்பு டிரஃபிள் காளான். விலையைக் கேட்டு ஊரே வாய்பிளந்தது. ஆனால் அதில் வேலை இருந்தது, ஒரு யோசனை இருந்தது. 2022 ஜனவரியில் சியோலில் திறந்த கார்டன் ராம்சே பர்கர் கடையில் 1,40,000 வோன் விலையில் ஒரு பர்கர் வைத்தார்கள். அதன் பெயர் ‘1966’. அவர் பிறந்த வருஷம். இறைச்சி உயர்ந்ததாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு பர்கருக்கு ஒருவரின் பிறந்த வருஷம் பெயராகும்போது, விற்பனைக்கு இருப்பது எது என்று தனியாக விளக்க வேண்டுமா?

நண்பர்கள் சொல்வார்கள்: “நட்சத்திர உணவகத்துக்குப் போக முடியாத குடும்பம் அவர் சமையலைக் கையெட்டும் விலைக்குச் சாப்பிடுதே, அது நல்லதுதானே?” அவர் சமையலையா சாப்பிடுகிறது? பல ஊர்களில் ஒரே நேரத்தில் நடக்கும் கடைகளில் ஒருவர் எப்படிச் சமைக்க முடியும்? பெரும்பாலும் விடுதிக்காரர் இடமும் ஆளும் போடுகிறார். கலைஞர் பெயரையும் செய்முறையையும் உரிமத்துக்குக் கொடுக்கிறார். சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. ஆனால் கையெட்டும் விலைக்கு வந்துசேர்வது அந்தக் கலைஞரின் கைப்பக்குவம் இல்லை. விலையும் அப்படி ஒன்றும் கையெட்டவில்லை. பிரெஞ்சு ஃபிரைஸுக்குத் தனிக் காசு, டிப்ஸுக்குத் தனிக் காசு. ‘கேஷுவல்’ என்றால் அரை டிராயரில் போகலாம், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். அமெரிக்க உணவகங்களில் ‘ஃபேமிலி மீல்’ என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளருக்கு இல்லை. மாலைக் கூட்டம் வருவதற்கு முன்னால் சமைப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், பரிமாறுபவர்கள் எல்லோரும் சேர்ந்து, பல நேரம் நின்றபடியே, அவசர அவசரமாகச் சாப்பிடும் சாப்பாடு. மிஞ்சிய துண்டுகளை வைத்து அவர்களில் ஒருவரே செய்வது. உப்பு ஜாஸ்தி என்றால் செய்தவரிடமே நேராகச் சொல்லலாம், நல்லா இருந்தாலும் சொல்லலாம். காசு கொடுத்து முன்பக்கம் உட்காரும் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் பில்லின் தலையில் கலைஞரின் பெயர் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே பரிமாறிய பெண்ணின் பெயரும் சின்னதாக அச்சாகியிருந்தது. அதற்கும் கீழே இன்னொரு வரி போடலாம்: இன்று கல்லில் நின்றவர் இன்னார். முழுப் பெயர்கூட வேண்டாம்.