சம்பளத்தில் உப்பு உண்டா?

'ஸாலரி' என்ற வார்த்தைக்கு ஒரு கதை உண்டு. ரோமானியச் சிப்பாய்களுக்கு உப்பைத்தான் சம்பளமாக அளந்து கொடுத்தார்கள், அதனால் அந்தப் பெயர் என்று. பாதிதான் நிஜம். லத்தீனில் 'ஸால்' என்றால் உப்பு, 'ஸலாரியும்' அதிலிருந்து பிறந்தது. ஆனால் படையில் உப்பு அளந்ததற்கு ஆதாரம் கிடையாது. காசாகத்தான் வாங்கினார்கள்.

நம்ம ஊரிலும் இதே கதைதான். சம்பா நெல்லும் உப்பு 'அள'மும் சேர்ந்து சம்பளம் என்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனோ சமஸ்கிருத 'சம்பல'த்தைக் காட்டுகிறது. வழிப்பயணக் கட்டுச்சோறு என்று அர்த்தம். இருபதாம் தேதிக்குள் காலியாகிற வஸ்துவுக்குப் பொருத்தமான பெயர்!

'கால்குலஸ்' என்றால் சின்னக் கல். ரோமானியர்கள் கூழாங்கல்லை நகர்த்திக் கணக்குப் போட்டார்கள். கால்குலேட்டர் வந்தது அந்த வழியில். சிறுநீரகக் கல்லுக்கும் டாக்டர்கள் எழுதுவது கால்குலஸ்தான். (ப்ளஸ் டூவில் நமக்கு வலித்தது நியாயமே.)

ஆடிட்டரும் ஆடியோவும் ஒரே குடும்பம். 'ஆடிரே' என்றால் கேட்பது. இடைக்கால இங்கிலாந்தில் ஒருத்தர் கணக்கை உரக்கப் படிக்க, இன்னொருத்தர் காதால் கேட்டுச் சரிபார்ப்பார். இப்போது ஆடிட்டர் பேச, நாம் கேட்கிறோம்.

பி.காம். படித்தவர்கள் டெபிட், க்ரெடிட் என்று மூன்று வருஷம் உருப்போட்டிருப்போம். அர்த்தம்தான் யாரும் சொல்லித் தரவில்லை. டெபிட், கொடுக்கவேண்டிய பாக்கி. க்ரெடிட், நம்பிக் கொடுத்தது. 'க்ரெடெரே' என்றால் நம்புவது. 'கடன் அன்பை முறிக்கும்' என்று போர்டு மாட்டிய பெட்டிக்கடை அண்ணாச்சிக்கு லத்தீன் தெரியாது. ஆனால் விஷயம் தெரியும். நம்பமுடியாததை 'இன்க்ரெடிபிள்' என்கிறோமே, அதுவும் இந்த வம்சம்தான். என்னிடம் கைமாற்று வாங்கிப் போன சில நண்பர்கள் அந்த ரகம்.

நம்பிக்கை போதாது, பத்திரம் கொடு என்றால் 'மார்ட்கேஜ்'. பழைய பிரெஞ்சில் 'செத்த அடமானம்'. முதல் பாதி லத்தீன் சாவு. 1628-ல் எட்வர்ட் கோக் என்ற ஆங்கிலேய சட்ட மேதை விளக்கினார்: கடனைக் கட்டாவிட்டால் வாங்கினவனுக்கு நிலம் செத்தது; கட்டிவிட்டால் கொடுத்தவனுக்கு அடமானம் செத்தது. இருபது வருஷத் தவணையில் ஃப்ளாட் வாங்கினவர்கள் அந்த இரண்டாவது சாவுக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.