கட்டை கொடுக்கிற நேரம்

தேசத்தின் எந்த மூலையிலோ பாறையைத் துளைத்துத் தண்ணீர் தேடிவிட்டு, கம்ப்ரஸர் வண்டி துணைவர ஊர் திரும்பும் ரிக் வண்டி, திருச்செங்கோட்டை அடுத்த மல்லசமுத்திரம் பக்கத்தில் நமக்கெல்லாம் பழகிப்போன காட்சி. திருச்செங்கோட்டின் கீர்த்தி மலைமேலுள்ள அர்த்தநாரீசுவரருக்கு அடுத்தபடியாக இந்த யந்திரங்களால்தான் பரவியிருக்கிறது என்றால் சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்றே ஜனங்கள் கேட்கிறார்கள். எனக்கோ துளையிடும் ராடு சுழல்வதற்கு முந்திய கால் மணி நேரத்தைப் பற்றித்தான் விசாரம். வயலுக்குள் வந்து நின்ற வண்டியை ஜாக்குகளின்மேல் தூக்கி, ராடைத் தாங்கும் கம்பமான மாஸ்ட்டைப் படுத்த நிலையிலிருந்து நிமிர்த்துகையில் பாரத்தின் மையம் மேலே ஏறிவிடுகிறது. அந்நிலையில், முந்தின நாள் நீர் பாய்ச்சிய மண்ணிலோ, தூர்ந்துபோன பழைய குழியின்மேலோ ஊன்றிய ஒரு ஜாக்கு புதையத் தொடங்கினால், அந்த மையம் ஜாக்குகளின் எல்லைக்கு வெளியே நழுவி, மனித பலத்தால் தடுக்க முடியாதபடி வண்டி சாய்ந்துவிடும். ஜாக்கின் பாதத்துக்கு அடியில் அகலமான கட்டை கொடுப்பதும், மட்டம் பார்ப்பதும், மாஸ்ட்டை இறக்காமல் வண்டியை நகர்த்தாதிருப்பதுமே பரிகாரம். ஆனால் விவசாயி தருவது அடிக்கணக்குக் கூலி. கட்டை கொடுக்கிற நேரத்தில் கணக்கில் ஓர் அடியும் ஏறுவதில்லை.

பைப்புக் கட்டுகளை ஏற்றி இறக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் தத்துவம் இதுவே. முன்சக்கரங்கள் இரண்டும் பின் அச்சின் நடுவும் சேர்ந்த முக்கோணத்துக்குள் மையம் இருக்கிறவரை அது நிற்கும். பளுவை உயர்த்தியபடி வேகமாகத் திருப்பினால் கவிழும். அமெரிக்காவில் 1980 முதல் 1994 வரை ஃபோர்க்லிஃப்ட் விபத்துகளில் மாண்டவர்களில் 22 சதவீதத்தினர் வண்டி கவிழ்ந்ததனால் மாண்டவர்கள். கவிழும்போது குதிக்கத் தோன்றுவது மனித சுபாவம்; குதிக்கிறவன்மேல்தான் கூரைச் சட்டம் விழுந்து நசுக்குகிறது. பெல்ட்டோடு ஆசனத்திலேயே ஒண்டி, ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, காலை ஊன்றி, சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்புறமாகச் சரிந்திருப்பவன் பிழைக்க வழியுண்டு. சுபாவத்துக்கு விரோதமான இந்த உபாயம் ஆபத்து வேளையில் தானாகத் தோன்றாது. வடநாட்டிலிருந்து வந்து வேலை செய்கிற பையனுக்கு அவன் பாஷையிலேயே சொல்லி, செய்து காட்டிப் பழக்கவேண்டும்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்றால், 2025 வரை அமலில் இருந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், விசையால் இயங்குவதும் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்வதுமான இடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இன்று ஒரு காடு, நாளை வேறொரு ஜில்லா என்று திரியும் வண்டி அந்த இலக்கணத்துக்குள் எளிதில் அடங்கியதில்லை. ஆகையால் அடிக்கு விலை பேசும்போதே, வண்டியை மட்டமாக நிறுத்திக் கட்டை கொடுக்கிற வேலைக்கும் தனியாக ஒரு தொகை பேசிவிடலாம் என்பது என் யோசனை. அதிலும் நம் பக்கத்து விவசாயி பேரம் பேசுவார் என்பது வேறு விஷயம்.