என்ஜினுக்கு யார் பெயர்?

வண்டியில் பெயர் எழுதினால் என்ன ஆகும் என்று ஆலங்குளம், ராஜபாளையம், சிவகாசி வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கிய அரசு, கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அதற்குச் சூட்டியது. பெயரைச் சாதிக் கண்ணோடு பார்த்தவர்கள் எதிர்த்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் மாவட்டங்களிலும் இருந்த தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். களத்தில் நின்ற ஒரு படைவீரனின் பெயருக்கு நாம் கொடுத்த மரியாதை இது.

ரயில் என்ஜின்களுக்கு ராணுவப் பெயர் சூட்டுவதைப் பற்றி யோசிக்கும்போது இந்த அனுபவம் உதவும். நம் ரயில்வேயில் ரயிலுக்குத்தான் பெயர். பொதிகை, பாண்டியன், வைகை என்று. இழுக்கிற என்ஜினுக்குப் பெரும்பாலும் வெறும் எண். விதிவிலக்குகள் உண்டு. சித்தரஞ்சனில் 1961இல் உருவான மின்சார என்ஜினுக்கு 'லோகமான்யா' என்று பெயர். தில்லி துக்ளகாபாத் டீசல் ஷெட்டில் பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்களைச் சில என்ஜின்களுக்கு வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தனி ஆளின் பெயர் என்றதும் 'எங்க ஆளு, உங்க ஆளு' கணக்கு தொடங்கிவிடும். படைப்பிரிவின் பெயர் என்றால் அந்தச் சிக்கல் குறைவு.

பிரிட்டனில் இது பழைய வழக்கம். 1927இல் ஓடத் தொடங்கிய 'ராயல் ஸ்காட்' வகை நீராவி என்ஜின்களில் பெரும்பாலானவை கடைசியில் ராணுவ ரெஜிமென்ட்களின் பெயர்களைத் தாங்கின. 1961-62இல் வந்த 22 'டெல்டிக்' டீசல் என்ஜின்களில் 14க்கு ரெஜிமென்ட் பெயர். மீதி எட்டுக்குப் பந்தயக் குதிரைகளின் பெயர்! லண்டன் ஷெட்டுக்குக் குதிரை, வடக்கே உள்ள ஷெட்களுக்குப் படை. எந்தச் சிப்பாயும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 'கிங்ஸ் ஓன் யார்க்‌ஷையர் லைட் இன்ஃபன்ட்ரி' 1968இல் வேறு பிரிவுகளோடு இணைக்கப்பட்டுத் தனிப் பெயரை இழந்தது. அந்தப் பெயர் கொண்ட என்ஜினோ 1980களின் தொடக்கம்வரை ஓடியது. இன்று யார்க் ரயில்வே அருங்காட்சியகத்தின் சொத்து.

இதை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட முடியாது. நம் ராணுவத்தில் ராஜ்புத், ஜாட் என்று சாதிப் பெயரிலேயே ரெஜிமென்ட்கள் உண்டு. எங்கள் சாதிக்கும் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கைகளும் ஓயவில்லை. பட்டியலை முதலிலிருந்து வாசித்துப் பெயர் வைத்துக்கொண்டே போனால், 1997இல் பஸ்ஸில் பட்ட பாட்டை ரயிலிலும் படுவோம்.

தெற்கு ரயில்வே தொடங்குவதற்கு இரண்டு பெயர்கள் கைவசம் இருக்கின்றன. 1758இல் வேர்கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட். தென் மாநிலங்கள் எல்லாவற்றிலிருந்தும் ஆள் சேர்ந்த, 'வீர மதராசி' என்று முழங்குகிற படை. அதன் பயிற்சி மையம் குன்னூரை அடுத்த வெலிங்டனில். ஊட்டி மலை ரயில் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இன்னொன்று, பெங்களூரில் மையம் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் இவர்கள் வேலை. ராணுவத்தில் இவர்களைச் செல்லமாகக் கூப்பிடுவது 'தம்பி' என்று. என்னைக் கேட்டால் முதல் என்ஜின் தம்பிகளுக்குத்தான். எப்போதும் காலாட்படையே மாலை வாங்கிக்கொண்டு போகிறது.

பெயரை எழுதும் விதமும் முக்கியம். என்ஜின் உடம்பில் ஒட்டுகிற விளம்பர ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்து உரிந்துவிடும்; அது சோப்புக்குச் சரி, படைக்குச் சரியில்லை. சின்னம் பொறித்த வார்ப்புப் பலகை வேண்டும். ஈரோடு, அரக்கோணம், ராயபுரம் ஷெட்களில் தலா ஒரு என்ஜினுக்கு இதைச் செய்ய பெரிய செலவு ஆகாது. பலகையைத் திறந்துவைக்க அமைச்சரைத் தேட வேண்டாம். அந்தப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தாரைக் கூப்பிட்டால் போதும்.