கல்கத்தா என்றொரு பொதுப்பெயர்

நான் ஆய்வு மாணவனாக வாழும் நகரம் 2001இல் கொல்கத்தா ஆயிற்று. ஆயினும் பழைய பெயர் ஒழிந்துவிடவில்லை. அமெரிக்கப் பூல் விடுதிகளில் அது இன்றும் ஒரு பொதுப்பெயராக உலவுகிறது. போட்டி தொடங்குமுன் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக ஏலம் விடுவார்கள். ஏலத் தொகை முழுவதும் ஒன்றாகத் திரளும்; வெல்பவரை ஏலத்தில் எடுத்தவருக்கு அதில் பெரும்பங்கு, அடுத்த இடங்களுக்குச் சிறுபங்கு. இந்த ஏலத்தின் பெயர்தான் 'கல்கத்தா'. மொன்டானா, வட டகோட்டா மாநிலங்களின் சட்டங்களிலேயே இச்சொல் இடம்பெற்றிருக்கிறது.

பெயரின் மூலம் இந்நகரத்தின் குதிரைப் பந்தயம். 1847இல் தோன்றிய ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப் நடத்திய டெர்பி குலுக்கல் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. 'பூல்' என்பதும் பந்தயத்துக்காகத் திரட்டிய பொதுப்பணத்தைக் குறித்த சொல்லே. குதிரைப் பந்தயம் கட்டும் கூடங்களில் பொழுதுபோக்குக்காகப் போடப்பட்ட மேசைகளின் ஆட்டத்துக்கு அக்கூடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, ஆட்டத்தின் பெயர், ஏலத்தின் பெயர் இரண்டுமே குதிரை லாயத்து வாசனை உடையவை. எனக்கு இது தித்திப்பான செய்தி. ஆனால் நான் எழுத வந்தது சொற்பிறப்பைப் பற்றியன்று.

குதிரையை ஏலம் விட்டபோது எழாத ஒரு கேள்வி மனிதரை ஏலம் விடும்போது எழுகிறது: ஏலப்பொருளே வாய் திறந்து பேசினால் என்ன செய்வது? ஐ.பி.எல். ஏலத்தில் நமக்கு இச்சிக்கல் தெரிவதில்லை. அங்கே ஏலத்தொகை வீரரின் ஊதியமாகிறது. கல்கத்தாவில் ஆட்டக்காரருக்கு அத்தொகையிலிருந்து ஒரு காசும் வராது. தம் திறமையின்மேல் பிறர் பணம் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; அல்லது தம்மைத் தாமே ஏலம் கேட்க வேண்டும்.

இங்குதான் முதல் தகராறு. ஒருவர் தமக்காகக் கேட்கும்போது மற்றவர்கள் போட்டியாக ஏற்றிக் கேட்பது அநாகரிகம் என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. திறந்த ஏலத்தில் 600 டாலருக்குப் போகக்கூடிய ஒருவரை, மரியாதை கருதி எல்லோரும் வாய்மூடி 100 டாலருக்கு அவரிடமே விட்டுவிட்டால், திரட்டில் 500 டாலர் குறைகிறது. அவர் வென்றால் எடுத்துக்கொள்ளும் விழுக்காடோ குறைவதில்லை. அந்த நாகரிகத்துக்கு விலை கொடுப்பவர்கள், பிற ஆட்டக்காரர்களை நியாய விலைக்கு வாங்கியவர்கள். பெரும்பாலும் அவர்கள் விடுதிக்குப் புதியவர்கள். அந்த மௌனத்தின் இலக்கணம் அறியாதவர்கள்.

இதற்குத் தக்க மாற்று வழக்கத்திலேயே இருக்கிறது. தம்மை வாங்கியவரிடம் ஏல விலையில் பாதியைக் கொடுத்து, தம்மில் பாதியை ஆட்டக்காரர் மீட்டுக்கொள்ளலாம்: 600க்குப் போனவர் 300 கொடுத்தால் பரிசிலும் பாதி. தோற்றாலும் இழப்பில்லாத ஆட்டக்காரரை நம்பிப் பணம் கட்டுவது எவருக்கும் உவப்பன்று. ஆகவே இது வாங்கியவருக்கும் காப்பு. பல இடங்களில் இதை உரிமை என்கிறார்கள், சில இடங்களில் வாங்கியவரின் பெருந்தன்மை என்கிறார்கள். உரிமை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவதே முறை என்பேன்.

அப்போதும் சண்டை ஓயாது. "என் பாதியை எடுத்துக்கொள்கிறேன்" என்று ஆட்டக்காரர் தலையசைத்துவிட்டுப் போகிறார், பணம் கைமாறவில்லை. தோற்றால் அவரைக் காணோம். வென்றால் பாதி கேட்டு வந்து நிற்கிறார். வாங்கியவரும் சளைத்தவரல்லர், தோற்றபின் 300ஐக் கேட்பார், வென்றபின் தலையசைப்பை மறப்பார். பந்தயம் கட்டுவதைச் சொல்லே செயலாவதற்கு எடுத்துக்காட்டாக ஆஸ்டின் தந்ததை மொழியியல் மாணவர்கள் அறிவர். எதிராளி ஏற்றுக்கொள்ளாதவரை பந்தயம் பந்தயமாகாது என்பதையும் அவரே சுட்டினார். பூல் விடுதியில் அந்த ஏற்பின் வடிவம் ரொக்கம். ஆட்டக்காரரின் முதல் ஆட்டத்துக்குள் பணம் கைமாறாவிட்டால் பாதி இல்லை. இதில் நட்புக்கு விலக்கு அளிக்கக் கூடாது. நீதிமன்றம் இங்கே துணைக்கு வராது என்பதையும் நினைக்க வேண்டும். நம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, குதிரைப் பந்தயப் பரிசுக்கான ஒரு விலக்கு நீங்கலாக, பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. அமெரிக்காவிலும் பல மாநிலங்களில் நிலை இதற்கு வெகுதொலைவில் இல்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் எஞ்சுவது வழக்கம் ஒன்றே.

ஆஸ்டின் அக்கருத்துகளை ஹார்வர்டில் சொற்பொழிவாக நிகழ்த்திய 1955ஆம் ஆண்டிலேதான், லாங் ஐலண்டில் டீப்டேல் கோல்ஃப் கழகத்தின் கல்கத்தாவில், தங்கள் திறனைக் குறைத்துக் காட்டிப் போலி ஹேண்டிகேப்புடன் ஆடியவர்கள் வென்று பெரும்பணம் கொண்டுபோனார்கள். பின்னர் அமெரிக்க கோல்ஃப் சங்கம் இத்தகைய ஏலங்களை வெளிப்படையாகக் கண்டித்தது. பூல் விடுதிகள் அவ்வாறு கைகழுவவில்லை. ஹேண்டிகேப் குறித்த ஐயமும் அவற்றை விட்டு நீங்கவில்லை.

எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறொன்று. ஓர் ஆட்டக்காரர் தம் எதிராளியிலும் பங்கு வாங்கியிருக்கலாம். அல்லது இறுதியாட்டத்துக்கு முன் நால்வரும், அதாவது ஆடுபவர் இருவரும் வாங்கியவர் இருவரும், பரிசைப் பகிர்ந்துகொள்ளப் பேசி முடித்திருக்கலாம். பகிர்வை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். வாடகைக்கும் பயணச் செலவுக்கும் ஆடுபவர்கள் தம் இடரைக் குறைத்துக்கொள்வது இயல்பே. அது மறைவில் நடப்பதுதான் தவறு. ஓரமாக நின்று தனியே பந்தயம் கட்டுகிறவருக்கு அது தெரியாது. எதிராளியில் பங்கு வைத்திருப்பதையோ நான் எந்நிலையிலும் அனுமதிக்கமாட்டேன். யார் யாரை வாங்கினார்கள், யார் பாதி மீட்டார்கள், எவரிடையே பகிர்வு என்பதை ஆட்ட அட்டவணைக்குப் பக்கத்திலேயே சுவரில் எழுதி ஒட்டிவிட ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.