எல்லை தாண்டும் பில்

திருப்பூரில் பனியன் வாங்கி பெங்களூர் அல்சூரில் விற்பதற்கு பாஸ்போர்ட் தேவையில்லை. ஆனால் கிட்டத்தட்ட அதே மரியாதையோடு ஒரு காகிதம் பல ஆண்டுகள் அந்த வியாபாரத்தில் நடமாடியது. 'சி' படிவம் என்று சொன்னால் பழைய வியாபாரிகள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள்.

1956ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டப்படி, ஒரு மாநிலத்து வியாபாரி வேறு மாநிலத்து வியாபாரிக்கு விற்றால் சலுகை வரி. வெகு காலம் 4 சதவீதமாக இருந்தது, 2007இல் 3 ஆகி, 2008 ஜூனில் 2 ஆனது. சலுகை நிலைக்க வேண்டுமானால், வாங்கியவர் தன் ஊர் வணிக வரி அலுவலகத்தில் 'சி' படிவம் பெற்று விற்றவருக்கு அனுப்ப வேண்டும். வராவிட்டால் மிச்ச வரி விற்றவர் தலையில். எனவே கடிதம், போன், ஆள் என்று விற்றவர்தான் வாங்கியவரைத் துரத்தினார்.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. இப்போது துரத்த வேண்டியவர் வாங்கியவர். சிறு வியாபாரிகள் பலருக்கு இந்த மாற்றம் கையில் பணம் குறையும்போதுதான் தெரிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அல்சூர் கடைக்காரர் ஒருவர் திருப்பூரிலிருந்து ஒரு லட்ச ரூபாய்க்குப் பனியன் வாங்குகிறார். 5 சதவீத வரி, ரூ. 5,000. வெளி மாநிலச் சரக்கு என்பதால் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரியாக இருக்கும். இதையே சிக்பேட்டையில் வாங்கினால் மத்திய வரி 2,500, மாநில வரி 2,500. மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. சரக்கை அவர் ரூ. 1,30,000க்கு விற்றால் வசூலாகும் வரி ரூ. 6,500. ஏற்கெனவே கொடுத்த 5,000ஐக் கழித்துக்கொண்டு 1,500 கட்டினால் போதும். பழைய 2 சதவீத மத்திய விற்பனை வரியை இப்படிக் கழிக்க முடியாது. அது விலையோடு சேர்ந்துவிடும். அந்த வகையில் புதிய முறை லாபம்தான்.

சிக்கல் அந்த 5,000இல் இருக்கிறது. பில் கையில் இருந்தால் மட்டும் போதாது. திருப்பூர்க்காரர் அந்த பில்லைத் தன் கணக்கில் பதிவு செய்து, அது அல்சூர்க்காரரின் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் வந்தால்தான் கழிக்க முடியும். 2022 ஜனவரி 1 முதல் இதுதான் விதி. பட்டியலில் வராத மாதத்தில் முழு 6,500ஐயும் கட்ட வேண்டும். பனியனுக்குக் கொடுத்த வரி ஒரு பக்கம், அரசுக்குக் கட்டிய வரி இன்னொரு பக்கம்.

விற்றவர் மோசடிக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டலாம். அப்படிப்பட்டவரிடம் ஜூலையில் வாங்கிய சரக்கு, அவர் இடையில் பில்லைப் பதிவு செய்யாவிட்டால், அக்டோபரில்தான் பட்டியலில் தெரியும். மாதாமாதம் வரி கட்டும் கடைக்காரருக்கு அதுவரை பணம் முடக்கம்.

காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்பனை உள்ள கடைக்காரர் மொத்த விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அவருக்குக் கழிவு கிடையாது; திருப்பூரில் கொடுத்த 5,000 செலவுதான். வெளி மாநிலத்தில் வாங்கலாம், விற்கக் கூடாது. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓசூர் கடைக்கு ஒரு மூட்டை அனுப்பினாலும் திட்டத்திலிருந்து வெளியேற வேண்டியதுதான்.

பதிவே செய்யாத சிறு கடைகளும் உண்டு. கர்நாடகத்தில் சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. 2025 ஜூலையில், யு.பி.ஐ. மூலம் வந்த தொகையைக் கணக்கிட்டு பெங்களூர் சிறு வியாபாரிகளுக்கு வணிக வரித் துறை நோட்டீஸ் அனுப்பியது பெரும் சலசலப்பை ஏற்படுத்தியது. ஆனால் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்பவருக்குப் பொதுவாக இந்த 40 லட்ச வரம்பே பொருந்தாது. சில விதிவிலக்குகள் தவிர, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம்.

வாங்குபவர் செய்யக்கூடியது என்ன?

முதலில் பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தம் 15 இலக்கம். கர்நாடக எண் 29இலும் தமிழ்நாட்டு எண் 33இலும் தொடங்கும். உங்கள் எண் விடுபட்டால் அது பதிவில்லாத வாடிக்கையாளருக்கு விற்றதாகிவிடும், கழிவு வராது.

புது சப்ளையர் என்றால் அவருடைய எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஒழுங்காகக் கணக்குக் காட்டுகிறாரா என்பது அங்கேயே தெரியும். மாதக் கணக்கா, மூன்று மாதக் கணக்கா என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பில் பட்டியலில் வந்த பிறகு வரித் தொகையைத் தருவதாகப் பேசி முடிப்பதும் நல்லது. ஆனால் 180 நாட்களுக்குள் முழுத் தொகையையும் தந்துவிட வேண்டும். தவறினால் எடுத்த கழிவை வட்டியோடு திருப்பிக் கட்ட நேரிடும்.

சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் இல்லாமல் லாரியில் ஏற்றாதீர்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம்தான் அது செல்லும். திருப்பூர் - பெங்களூர் தூரத்துக்கு இரண்டு நாள்.

ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி 2பி பட்டியல் வரும். அதையும் உங்கள் கொள்முதல் பில்களையும் அருகருகே வைத்து ஒத்துப்பாருங்கள். விடுபட்டதை அன்றே போன் செய்து கேளுங்கள். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள், அல்லது ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்குள் - எது முந்தியதோ அதற்குள் - எடுக்காத கழிவு போனது போனதுதான். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். திருப்பூர்க்காரரிடம் உரிமையோடு கேட்க உங்களால்தான் முடியும். அடுத்த ஆர்டர் உங்கள் கையில் இருக்கிறது.